வாழைப்பூ யோகம்

விருந்தோம்பலில் எங்கள் ஊர் வைத்திருக்கும் சாதனையை இதுவரை எந்த ஊரும் முறியடிக்கவில்லை. அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவரான மூர்க்க நாயனார் திருவேற்காட்டுக்காரர். வந்த அடியாருக்கெல்லாம் சோறு போட்டே சொத்தைக் கரைத்தவர். கை காய்ந்ததும் வேறு யாராக இருந்தாலும் வாசற்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருப்பார்கள். இவர் சூதாட உட்கார்ந்தார். முன்னமே கற்று வைத்திருந்த வித்தை. உள்ளூரில் இவரோடு ஆட ஆள் அகப்படாமல் போனதும் ஊர் ஊராகப் போய், கும்பகோணம் வரைக்கும் சென்று ஆடினார். ஜெயித்த பொருளைத் தாம் தொடவில்லை. சமைக்கிறவர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அடியார்கள் சாப்பிட்ட பிறகு கடைசிப் பந்தியில்தான் இலை போட்டுக்கொண்டார். எதிராளி அழுகுணி ஆட்டம் ஆடினால் உடைவாளை உருவினார் என்பதும் கதையில் இருக்கிறது; பேர் சும்மா வந்துவிடுமா? இதையெல்லாம் பாட்டாக எழுதி வைத்த சேக்கிழாரும் அசலூர் இல்லை. பக்கத்தில் இருக்கும் குன்றத்தூர்தான்.

இப்பேர்ப்பட்ட ஊரில் குடியிருக்கிற ஒருவனை விருந்தாளி என்று வரவேற்று, அறையைக் காட்டி, கொசுவலையைக் காட்டி, மறுநாள் பலகாரம் முடிந்த கையோடு "வாங்கோ, காய் கட்!" என்று கூப்பிட்டால் அவன் மனசு என்ன பாடு படும்? அதுவும் கூப்பிட்டது ஒரு பிரெஞ்சுக்கார அம்மா.

இடம் தண்ணீர்ப்பள்ளி. குளித்தலையை ஒட்டி, காவிரிக்கரையில் இருக்கும் கிராமம். அங்கே இருக்கிற ஆசிரமத்துக்குச் சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயர். உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் சாந்திவனம். காவி கட்டிய கத்தோலிக்கத் துறவிகள் நடத்துவது. எந்த மதத்துக்காரரும் வந்து தங்கலாம், மரத்தடியில் உட்காரலாம், பிரார்த்தனைக்கு வரலாம், சாப்பிடலாம். கூடவே கொஞ்சம் வேலையும் செய்யலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை என்னை அழைத்துப் போனவர் என்னிடம் சொல்லவில்லை.

அழைத்துப் போனவர் ஆவடி நண்பர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் சேர்ந்து குப்பை கொட்டியவர்கள் நாங்கள். அவர் பரம்பரைக் கத்தோலிக்கர். ஓய்வு பெற்றபின் அவருக்குச் சுருக்கென்று கோபம் வர ஆரம்பித்தது. "ஒரு தியானத்துக்குப் போயிட்டு வாங்களேன்" என்று வீட்டில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எனக்குத் தியானம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவது. அவர்கள் வழக்கில் பெரும்பாலும் அது வேறு சங்கதி: பந்தல், மைக், கீபோர்டு, கைதட்டல், கண்ணீர், மதியம் பிரியாணிப் பொட்டலம். நண்பர் பிரியாணியை மனசில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினார்.

என் காரணம் வேறு. அது ஆடி மாசம். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். கருமாரியம்மனைப் பார்க்க வருகிற கூட்டம் வேலப்பன்சாவடி வரைக்கும் நிற்கும். விடிகாலை நாலரைக்கு எங்கள் தெருமுனையில் எல்.ஆர். ஈஸ்வரி எழுந்துவிடுவார். அவர் குரலுக்கு நான் ரசிகன். ஆனால் என் ஜன்னலுக்கு நேராகக் கட்டிய குழாய் வழியாக வரும்போது ரசனைக்கு ஓர் எல்லை உண்டு.

"காட்டுக்குள்ளே ஓர் ஆசிரமமாம். வாயைத் திறக்காம இருக்கணுமாம்" என்று வீட்டில் சொன்னேன்.

"நீங்க வாயைத் திறக்காம இருக்கிற இடமா?" என்றாள் மனைவி. "காசு கேட்டாக்கூடக் குடுத்துட்டுப் போய் இருங்க."

கோயம்பேடு எங்களுக்குக் கூப்பிடு தூரம். தெற்கே போகிற பஸ்களைக் கிளாம்பாக்கத்துக்கு மாற்றியபின், திருச்சிக்குப் போவதைவிடத் திருச்சி பஸ்ஸுக்குப் போவது பெரிய யாத்திரை. பூந்தமல்லிக்குப் போய், நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, வண்டலூருக்கு இறங்க வேண்டும். நசரத்பேட்டை என்ற பலகையைப் பார்த்ததும் நண்பர் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். "நல்ல சகுனம் சார்." பெயர்க் காரணத்தை ஆராயும் மனநிலையில் நான் இல்லை. ஜன்னலோரம் எனக்குக் கிடைத்திருந்தது. அந்தச் சகுனம் போதும்.

திருச்சியிலிருந்து கரூர் பஸ். முக்கொம்பைத் தாண்டிவிட்டால் வலது கைப் பக்கம் வாழையும் தென்னையும், அவற்றின் இடுக்கில் காவிரியும். இந்தப் பகுதியில் ஆற்றுக்கு அகண்ட காவிரி என்று பெயர். மேட்டூரில் திறந்துவிட்டிருந்த வருஷம் என்பதால் எதிர்க்கரை எங்கேயோ தூரத்தில் தெரிந்தது. எங்கள் ஊர் வழியாகவும் ஓர் ஆறு ஓடுகிறது. அதன் பெயர் கூவம். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதியதற்குக் காவிரித்தாய் மன்னிக்க வேண்டும்.

ஆசிரமத்துக்குள் நுழைந்ததும் எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் குழப்பம் பிடித்தது. கோயில் வாசலில் கோபுரம் இருக்கிறது. கோபுரத்தில் மூன்று முகம் கொண்ட ஓர் உருவம். நான் பழக்கதோஷத்தில் திரிமூர்த்தி என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனேன். அது பிதா, சுதன், பரிசுத்த ஆவி. உள்ளே கருவறைக்கு மேல் விமானம். அதில் நாலு திசையையும் பார்த்தபடி இயேசு உட்கார்ந்திருக்கிறார். கருவறையில் நம் ஊர்க் கோயில் இருட்டு. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளையாரைத் தேடினேன். நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சைத் தேடினார். இரண்டும் இல்லை. தரையில் பாய்தான்.

தரையில் உட்காருவதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்தபின், இந்திய ஆயர்கள் பூசையில் பன்னிரண்டு மாற்றங்கள் செய்துகொள்ளலாமா என்று ரோமாபுரியைக் கேட்டார்கள். செருப்பைக் கழற்றுவது, கை கூப்புவது, ஆரத்தி எடுப்பது, சம்மணம் போட்டு உட்காருவது என்று ஒரு பட்டியல். 1969 ஏப்ரலில் அனுமதி வந்தது. அதற்கு முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே, 1606இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு காவி கட்டிய இத்தாலிக்காரர் ராபர்ட் தெ நொபிலி ஒரு வழக்கே நடத்தி, பூணூலுக்கும் குடுமிக்கும் சந்தனத்துக்கும் போப்பாண்டவரிடம் 1623இல் அனுமதி வாங்கிவிட்டார். ஆக, குடுமிக்கு 1623, தரைக்கு 1969. என் முட்டிக்கு இன்னும் அனுமதி வரவில்லை. முதல் பிரார்த்தனையில் நான் சம்மணம் போட்ட சத்தம் கருவறை வரை கேட்டது.

பிரார்த்தனை ஒரு நாளைக்கு மூன்று வேளை. காலையில் நெற்றிக்குச் சந்தனம், உச்சியில் குங்குமம், மாலையில் விபூதி. தொடக்கத்தில் காயத்ரி ஓதுகிறார்கள். பிறகு சங்கீதப் புத்தகம், பைபிள், உபநிஷதம், தமிழ்ப் பாட்டு, கடைசியில் கற்பூர ஆரத்தி. நான் கூச்சமில்லாமல் எல்லாவற்றையும் வாங்கிப் பூசிக்கொண்டேன். என் நெற்றிக்கு இதெல்லாம் பழக்கம். நண்பர்தான் திணறினார். முதல் நாள் மாலை விபூதித் தட்டு அவர் பக்கம் வந்தபோது என் காதில் கேட்டார்.

"சார், இதைப் பூசிக்கலாமா?"

"சாம்பல் புதன்கிழமை பூசிக்கறீங்களே?"

"அது வருஷத்துக்கு ஒரு நாள் சார்."

"இங்கே தினமும் புதன்கிழமைன்னு வச்சுக்குங்க."

பூசிக்கொண்டார். அப்புறம் அவர் கை பாக்கெட்டுக்குப் போனது, கர்ச்சீப்பைத் தேடி. ஆனால் எடுக்கவில்லை. அடுத்த நாள் பட்டை போடலாமா, கீற்றுதானா என்று என்னிடமே சந்தேகம் கேட்டார்.

மூன்று வேளைக் கணக்கில் இந்தப் பக்கத்து மக்களை யாரும் அசைத்துவிட முடியாது. 'காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருவேங்கிநாதர்' என்று ஒரு சொலவடை இங்கே உண்டு. காலையில் குளித்தலைக் கடம்பவனநாதர், உச்சிப் பொழுதில் ஐயர்மலைச் சொக்கர், அந்தியில் ஆற்றுக்கு அக்கரையில் திருவீங்கோய்மலை. மூன்றையும் ஒரே நாளில் பார்த்தால் மகா புண்ணியம். நடுவில் ஐயர்மலைக்கு ஆயிரத்துச் சொச்சம் படி ஏறி இறங்க வேண்டும் என்பதால் அது நியாயமான விலைதான். ஆசிரமத்தில் இருந்த இடத்திலேயே மூன்று வேளையும் கிடைக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். முட்டி ஒத்துக்கொண்டது.

இந்த இடத்தை யார் உண்டாக்கினார்கள் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் வாழைப்பூ உரித்ததற்கு மூல காரணம் அங்கேதான் இருக்கிறது. பிரான்ஸிலிருந்து 1939இல் வந்த ஜூல் மோன்ஷானென் என்ற குருவானவர் திருச்சி மறைமாவட்டத்தில், குளித்தலைச் சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் பங்குச் சாமியாராக இருந்தார். 1948இல் ஆன்றி லெ சோ என்ற பெனடிக்ட் சபைத் துறவி வந்து சேர்ந்தார். இருவரும் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைப் பார்த்தார்கள். 1950 மார்ச்சில், பெனடிக்ட் திருநாளன்று, இந்த மாந்தோப்பில் குடிசை போட்டு ஆசிரமம் தொடங்கினார்கள். காவி கட்டினார்கள். மாமிசத்தை விட்டார்கள். பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். மோன்ஷானென் பரம அரூபி ஆனந்தம் ஆனார். லெ சோ அபிஷிக்தேசுவரானந்தர் ஆனார். பிறகு யார் பரிதாபப்பட்டார்களோ, அது அபிஷிக்தானந்தர் என்று சுருங்கியது.

எல்லாம் தயார். சீடர்கள்தான் வரவில்லை. ஏதோ ஓரிருவர் எட்டிப் பார்ப்பார்கள், தங்க மாட்டார்கள். மோன்ஷானென் காத்திருந்து காத்திருந்து, நோய் கண்டு, 1957இல் பாரிஸில் காலமானார். அபிஷிக்தானந்தருக்கு இமயமலை மேல் கண். அடிக்கடி வடக்கே போய்விடுவார். 1968இல் ஆசிரமத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு நிரந்தரமாகவே உத்தரகாசிப் பக்கம் போய்விட்டார்.

வாங்கிக்கொண்டவர் பீட் கிரிஃபித்ஸ். இங்கிலாந்துக்காரர். ஆக்ஸ்ஃபோர்டில் சி.எஸ். லூயிஸிடம் படித்தவர். படிப்பு முடிந்ததும் இரண்டு நண்பர்களோடு ஒரு கிராமத்துக் குடிலில் யந்திர நாகரிகத்துக்கே டாட்டா சொல்லிவிட்டு மாடு கறந்து வாழ்ந்து பார்த்திருக்கிறார். 1955இல் இந்தியா வந்து, கேரளத்தில் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்குவதில் பங்கெடுத்து, அங்கிருந்து இங்கே வந்தார். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. முதல் இருவரும் ஏங்கிக் காத்திருந்த கூட்டம் இவர் காலத்தில் வந்தது. ஆனால் வந்தவர்களில் ஏராளமானோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து வந்தார்கள். இந்தியத் துறவிகளுக்காகப் போட்ட பாயில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பீட் அவர்களை விரட்டவில்லை; நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். 1993இல் இங்கேயே தம் குடிசையில் காலமானார்.

திட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் விழுந்தது. 'காவி உங்களுக்கு எதற்கு, ஓம் எதற்கு, இது ஆள் பிடிக்கிற புது வலையா' என்று இந்துக்கள் தரப்பில் சிலர். சீதாராம் கோயல் 1988இல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். 'பூசையில் ஆரத்தி என்ன, சிலுவைக்குள் ஓம் என்ன, இது கோயிலா மடமா' என்று கத்தோலிக்கர் தரப்பில் சிலர். இரண்டு தரப்புக்கும் அங்கே எங்கள் அறையிலேயே பிரதிநிதிகள் இருந்தார்கள். முதல் நாள் ராத்திரி கொசுவலைக்குள் இருந்துகொண்டே நண்பரும் நானும் வாதாடினோம். அவர், "எங்க கோயிலை உங்க கோயில் மாதிரி ஆக்கிட்டாங்க" என்றார். நான், "எங்க கோயிலை நீங்க எடுத்துக்கிட்டீங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் இருவருமே ஒரே புகாரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு சண்டையில் சுவாரசியம் இல்லை. தூங்கப் போனோம்.

இந்த வகையில் சாந்திவனம் மட்டுமே முன்னோடி என்று நினைத்துவிடக் கூடாது. திருப்பத்தூரில் 1921இலேயே யேசுதாசன், ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர். சுற்று வட்டாரத்துக்கு அவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன். வெள்ளைக்காரர் சின்னண்ணன் என்பதைக் கவனிக்க வேண்டும், அது 1921. கொடைக்கானல் மலையில் பெருமாள்மலை பக்கம் போதி ஜென்டோ என்று ஓர் இடம். அங்கே ஜப்பானில் பயின்று வந்த ஆமா சாமி என்ற சேசு சபைக் குருவானவர் 1996இல் தொடங்கி ஜென் சொல்லிக்கொடுத்தார். இதை நண்பரிடம் சொன்னபோது, "எங்க ஆளுங்க எல்லாத்தையும் கத்துக்கறாங்க சார், என் பங்கில மட்டும் பாட்டுக்குழு சுருதி கத்துக்க மாட்டேங்குது" என்றார்.

இரவு தூக்கம் வரவில்லை. ஆடியில் ஒலிபெருக்கி இல்லாத ஓர் இரவை என் காது பார்த்ததே கிடையாது. தவளை கத்தியது. நின்றது. மட்டை ஒன்று விழுந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை உற்றுக் கேட்டுக்கொண்டே விழித்துக் கிடந்தேன். "எல்.ஆர். ஈஸ்வரி பாட்டு ஒண்ணு போடட்டுமா?" என்று இருட்டில் குரல் வந்தது. நண்பரும் தூங்கவில்லை.

விடியுமுன் ஆற்றங்கரையில் மௌனமாக உட்காருகிறார்கள். அது கட்டாயம் இல்லை. ஆனால் மணி அடித்த பிறகு ஓர் இத்தாலியரும் இரண்டு ஜெர்மானியரும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நம் ஜன்னலைக் கடந்து நம் ஆற்றுக்குப் போகும்போது, தமிழன் எப்படிப் போர்த்திக்கொண்டு கிடப்பது? மானப் பிரச்சனை. போனோம். உட்கார்ந்தோம். இத்தாலியர் முதுகு செங்குத்தாக நிமிர்ந்திருந்தது. நான் கண்ணை மூடி என் மூச்சைக் கவனித்தேன். பிறகு பக்கத்து மூச்சைக் கவனித்தேன். அது குறட்டையாக மாறிக்கொண்டிருந்தது. முழங்கையால் ஓர் இடி இடித்தேன். "பரலோகத்தில் இருக்கிற" என்று நண்பர் விழித்துக்கொண்டார்.

இனி வாழைப்பூ.

குளித்தலைப் பக்கம் வாழைக்குப் பஞ்சமில்லை. திண்ணையில் ஒரு கோரைப்பாய், அதன் மேல் கூடை நிறைய ஊதா நிறத்தில் குண்டு குண்டாக வாழைப்பூ. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கடல் கடந்து வந்தவர்கள். கத்தி, பலகை எல்லாம் இருந்தது. ஓர் அரிவாள்மனையும் இருந்தது. அதன் மேல் யாரும் உட்காரத் துணியவில்லை. நான் அதை எடுத்துப் போட்டுக் காலை மடக்கி உட்கார்ந்ததும் ஒரு மரியாதை ஏற்பட்டது. அதில் எனக்கு நறுக்கத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் வீட்டில் அரிவாள்மனை பரண் மேல் இருக்கிறது.

வாழைப்பூ ஒரு விசித்திரமான காய்கறி. மடலை விரித்தால் உள்ளே இரண்டு வரிசையாகப் பூ. ஒவ்வொரு பூவுக்குள்ளும் தீக்குச்சி மாதிரி ஒரு விறைத்த நரம்பு, அதுதான் கள்ளன். அதோடு கண்ணாடித் தாளாக ஒரு சின்னச் செதில். இரண்டையும் கிள்ளிப் போட வேண்டும். விட்டுவிட்டால் பொரியலில் பல்லில் மாட்டும். ஒரு மடல் முடிந்தால் அடுத்த மடல். உள்ளே போகப் போகப் பூ சின்னதாகும், எண்ணிக்கை மட்டும் குறையாது. உரித்ததை உடனே மோர் கலந்த தண்ணீரில் போடாவிட்டால் கறுக்கும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் விரலும் கறுக்கும். எங்கள் வீட்டில் வாழைப்பூ என்றைக்காவது பொரியலாக மேசைக்கு வரும். அதற்கு முன் அது எங்கே இருந்தது என்று நான் விசாரித்தது கிடையாது.

பிரெஞ்சு அம்மாவிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. பூக்களைத் துணியில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து, தலையைக் கட்டைவிரலால் நிமிண்டி, கள்ளனை உருவி இடது பக்கம், பூவை வலது பக்கம். பேச்சே இல்லை. நண்பர் கைப்பிடியாக அள்ளி, நுனிகளைச் சேர்த்து உள்ளங்கையில் தேய்த்தார், கள்ளர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் தலை நீட்டினார்கள், மொத்தமாகப் பறித்துவிட்டார். அம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நூறு மணி நேரம் மிச்சமான ஆச்சரியம் இருந்தது.

"எங்க அம்மா இப்படித்தான் செய்வாங்க" என்றார் நண்பர். எனக்கும் அம்மா இருந்தாள். நான் சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் விருந்தாளிக்கு ஒரு சட்டம் உண்டு. அவர் எழுந்து தண்ணீர் மொண்டு குடித்தாலே வீட்டுக்காரருக்கு அவமானம். "அய்யோ, நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்பது விருந்தாளியைக் கட்டிப்போடும் கயிறு. அவரும் உட்கார்ந்துகொண்டு, வேலை செய்கிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு, சாப்பாடு எப்போது வரும் என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருப்பார். இங்கே அந்தக் கயிறு இல்லை. காலையில் காய் நறுக்கினால் மத்தியானம் பந்தியில் உட்காரும்போது ஓர் உரிமை வந்துவிடுகிறது. தரையில் வரிசையாக உட்கார்ந்து, பேசாமல், மோர்ச் சோறும் வாழைப்பூப் பொரியலும் சாப்பிட்டோம். அன்றைக்குப் பொரியலில் ஒரு கள்ளன் என் பல்லில் மாட்டினான். யார் உரித்த பூ என்று எனக்குத் தெரியும். இத்தாலியரைப் பார்த்தேன். அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து நிஷ்காமமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவ வேண்டும். குழாயடியில் நண்பர் தம் தட்டோடு என் தட்டையும் வாங்கிக் கழுவினார். கம்பெனி கேன்டீனில் எத்தனையோ வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். உப்பைத் தள்ளி வைத்ததற்கு மேல் ஒருவருக்கொருவர் உதவியதில்லை.

மூர்க்க நாயனாரை நினைத்துக்கொண்டேன். அவர் மட்டும் வந்த அடியார்களிடம் ஆளுக்கு ஒரு வாழைப்பூவைக் கொடுத்திருந்தால் கும்பகோணம் வரை அலைந்திருக்க வேண்டாம். ஆனால் அறுபத்துமூவரில் ஒருவராக ஆகியிருக்கவும் முடியாது. சேக்கிழாருக்கு ஒரு கதை குறைந்திருக்கும்.

அங்கே நீண்ட நாள் தங்கி உழைக்கிற வாலண்டியர்கள் வேறு ஜாதி. ஒரு ஜெர்மன் பையன், இருபது வயசுக்குள் இருக்கும், தொழுவத்தில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். எங்களிடம் இங்கிலீஷில் பேசினான். மாட்டிடம் தமிழில் பேசினான். "தள்ளு, தள்ளு... ஏய், காலை எடு" என்று சுத்தமான கரூர் உச்சரிப்பு. மாடு காலை எடுத்தது. நான் பக்கத்தில் போனதும் அதே மாடு வாலைச் சுழற்றி ஒரு வீசு வீசியது. "பயப்படாதீங்க" என்றான் என்னைப் பார்த்து. மாட்டிடம் பேசும் மொழிக்கு என்னையும் உயர்த்தியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நண்பரின் கோபம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் மகளும் தொலைபேசியில் அதைத்தான் கேட்டாள். "அப்பா, மனசு அமைதியா இருக்கா?" அவர் யோசித்துவிட்டு, "கை வலிக்குதும்மா" என்றார். எங்கள் வீட்டில் வேறு கேள்வி. "பேசாம இருக்கீங்களா?" இருக்கிறேன் என்று நான் சொல்ல ஆரம்பித்து, ஆற்றங்கரை, அரிவாள்மனை, ஜெர்மன் பையன் என்று எல்லாவற்றையும் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கிளம்பும் நாளில்தான் உண்மையான சோதனை. இத்தனை ரூபாய் என்று யாரும் கணக்குச் சீட்டு நீட்டவில்லை. விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். நடுத்தர வர்க்கத்துத் தமிழனை இதைவிடக் கொடுமையாக யாரும் தண்டிக்க முடியாது. விலை போட்டிருந்தால் பேரம் பேசலாம். இலவசம் என்றால் கும்பிட்டுவிட்டு வரலாம். விருப்பம் என்றால்? நம் விருப்பத்தின் சைஸ் நமக்கே தெரிந்துவிடுமே.

நண்பர் அறையில் உட்கார்ந்து பேப்பர் பேனா எடுத்தார். அவர் எங்கள் கம்பெனியில் காஸ்டிங் பிரிவு. "திருச்சி ஜங்ஷன் பக்கத்துல ஒரு சுமாரான லாட்ஜ், நாள் வாடகை. அதுல டி.வி. இருக்கும், இங்கே இல்லை, அதைக் கழிக்கணும். ஆறு இருக்கு, அதைக் கூட்டணும்."

"ஆத்துக்கு என்ன ரேட்?"

"அதான் சார் இடிக்குது." சாப்பாட்டை மெஸ் விலையில் போட்டார். விபூதி, சந்தனம், குங்குமம் மூன்றையும் ஓவர்ஹெட்டில் சேர்த்தார். கடைசியில் கோடு போட்டு, "உரிச்ச வாழைப்பூவுக்குக் கூலி மைனஸ்" என்று எழுதினார்.

"அதையுமா கழிக்கப் போறீங்க?"

"கொத்தனார் கூலி இல்லை சார், சித்தாள் கூலிதான் போட்டிருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்தார். பிறகு அதைக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பர்ஸைத் திறந்தார். நானும் எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கவரை ஒட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

"எவ்வளவு வச்சீங்க?" என்றார்.

"சாமி காரியம். சொல்லக் கூடாது."

"அப்ப என்னைவிடக் கம்மிதான்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தபோது, திண்ணையோரம் சைக்கிளில் யாரோ வாழைத்தண்டைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு அம்மா ஒரு தண்டைக் கையில் எடுத்து, வில்லையாக நறுக்கி, நூல் நூலாக வந்த நாரைப் பார்த்துத் திகைத்து நின்றார். நண்பர் நின்றுவிட்டார்.

"அதை விரல்ல சுத்தி எடுக்கணும் சார். இவங்களுக்குத் தெரியாது."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"திருச்சிக்கு அடுத்தடுத்து பஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையை என் கையில் கொடுத்தார்.